வழு யாருடையது?

ஒரு பிழை நிகழ்ந்துவிட்டால் நமது சமுதாயத்தில் உடனே எழும் வினா, ‘செய்தவன் யார்?’ என்பதே. ‘அது நிகழ்வதற்கு இடந்தந்தது யாது?’ என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. காப்பு மூடி இல்லாத இயந்திரத்தில் கை சிக்குண்ட தொழிலாளியைக் ‘கவனக்குறைவு’ என்ற ஒரே சொல்லாற் குற்றவாளியாக்கிவிட்டு, இயந்திரத்தை அப்படியே ஓடவிடும் முதலாளியின் நியாயம் இது. இந்நியாயம் தொழிற்சாலையின் மதிலுக்குள் நின்றுவிடவில்லை, வகுப்பறைக்குள்ளும் புகுந்திருக்கிறது. கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் விடும் பிழைகளை நாம் நோக்கும் முறையிலே அதனைத் தெளிவாகக் காணலாம். அப்பிழைகளுள் ஒரு பெரும் பகுதிக்குக் காரணம் பிள்ளையின் மூளையன்று, அப்பிள்ளை எழுத நேர்ந்த மொழியின் தொடரமைப்பே என்பதும், அத்தொடரமைப்பு மனிதர் ஆக்கியதாதலின் மனிதரால் மாற்றத்தக்கது என்பதும் இங்கு நாம் சொல்ல விழைவன.

நாம் பல்கலைக்கழகத்திலே பயின்றது தமிழ். கணினி நமது துறையன்று. ஆயினும் கொக்கிளாய் போன்ற ஒரு கரையோரக் கிராமத்தில் ஓராசிரியர் ஒரு பாடத்தோடு நின்றுவிட இயலாது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த ஊர் இது. 1984 டிசம்பரில் மக்கள் அனைவரும் வெளியேற நேர்ந்து, போர் ஓய்ந்த 2009இற்குப் பின்னரே திரும்பிவந்து குடியேறிய ஊர். இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிற் பலர், இடம்பெயர்ந்த ஊர்களின் கொட்டில்களிலே படிப்பை இடையில் விட்டவர்கள். அவர்களின் பிள்ளைகள் கணினியின் முன் அமர்வது பாடசாலையில் மட்டுமே. அதுவும் ஒரு கணினிக்கு மூவர் நால்வராக. தமிழ்ப் பாடம் முடிந்த பின் கணினி அறையையும் மேற்பார்க்க வேண்டிய கடமை நம்மீது வந்தபோதுதான், இலக்கணம் கற்பிப்பவருக்கு அங்கே நிரம்ப வேலை இருக்கிறது என்பதை உணர்ந்தோம்.

முதலில் நம்மைக் கவர்ந்தது ஒரு சொல். இலங்கைப் பாடநூல்கள் செய்நிரலில் நேரும் பிழையை ‘வழு’ என்கின்றன. நன்னூல் கற்றவருக்கு இது பழகிய சொல். திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என ஏழிடத்தில் வழு நேரும் என்பர் இலக்கண நூலார். ஆனால் அவர்கள் வழுவை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வழுவமைதி என்ற ஒன்றையும் சொன்னார்கள். உவப்பினால் ஒருவன் தன் பசுவை ‘அம்மை’ என்று உயர்திணைப்படுத்திச் சொன்னால் கேட்பவன் அவனைத் திருத்துவதில்லை; கருத்தை உணர்ந்து அமைத்துக்கொள்கிறான். மனிதருக்குள் நிகழும் மொழி முழுவதும் இவ்வாறு கேட்பவனின் ஒத்துழைப்பால் நடப்பது. கணினிக்கு அந்த ஒத்துழைப்பு இல்லை. எழுதியது எதுவோ அதுவே அதற்குப் பொருள். ஆகையால் கணினிமொழியின் இலக்கணத்தை வகுப்பவருக்குத் தொல்காப்பியருக்கும் பவணந்தியாருக்கும் இல்லாத ஒரு பொறுப்பு உண்டு. மனிதன் எங்கே இடறுவான் என்பதை முன்னரே நினைந்து வழி செய்யவேண்டிய பொறுப்பு அது.

அப்பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு நம் வகுப்பறையே சான்று. க.பொ.த. சாதாரண தரத்தின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்தது பாஸ்கல் மொழி. சூரிச் நகரப் பேராசிரியர் நிக்கலஸ் விர்த் 1970இல், மாணவருக்குக் கற்பிப்பதற்கென்றே ஆக்கிய மொழி அது. ஒழுங்கும் தெளிவும் உடையது. ஆயினும் அதில் அரைப்புள்ளி படுத்தும் பாடு கொஞ்சமன்று. ‘ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் அரைப்புள்ளி இடுக’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஒரு மாணவி அவ்வாறே இடுகிறாள். ‘இஃப்’ என்று தொடங்கி, நிபந்தனை எழுதி, கூற்றை எழுதி, அரைப்புள்ளியும் இட்டு, அடுத்த வரியில் ‘எல்ஸ்’ என எழுதுகிறாள். இயந்திரம் அதனை ஏற்க மறுக்கிறது. காரணம் யாதெனில், பாஸ்கலில் அரைப்புள்ளி கூற்றை முடிக்கும் குறியன்று. இரு கூற்றுக்களைப் பிரிக்கும் குறி. ‘எல்ஸ்’ என்பதோ புதிய கூற்றன்று. முந்திய கூற்றின் தொடர்ச்சி. எனவே அதன் முன் பிரிப்பான் வருதல் ஆகாது. இந்நுட்பத்தை அல்கோல் என்னும் முன்னோர் மொழியிலிருந்து பாஸ்கல் சுவீகரித்துக்கொண்டது. நுட்பம் அறிஞருக்கு இனிக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ, சொன்னபடி செய்ததற்காகத் தண்டனை கிடைத்தது என்பதே அனுபவம்.

அதே அரைப்புள்ளி மற்றோரிடத்தில் வேறு வேடம் பூணுகிறது. ஒன்று முதல் பத்து வரை எண்களை அச்சிடுவதற்கான மீள்செயலில் ‘டூ’ என்ற சொல்லை அடுத்து அரைப்புள்ளி இட்டுவிட்டால், இயந்திரம் முணுமுணுப்பதேயில்லை. ‘டூ’வுக்கும் அரைப்புள்ளிக்கும் இடையே வெற்றுக் கூற்று ஒன்று இருப்பதாக அது கொள்கிறது, அந்த வெற்றுக் கூற்றைப் பத்துமுறை செய்கிறது, அச்சிடும் கட்டளையை ஒரே ஒருமுறை நிறைவேற்றுகிறது. பத்து வரிகள் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி வந்து நிற்பதைக் கண்டு பிள்ளை திகைக்கிறது. முதலாவது இடத்தில் கருத்திற் குற்றமற்றதை மொழி தள்ளியது. இரண்டாவது இடத்தில் கருத்துக்கு முற்றும் மாறானதை அது கொண்டது. தள்ளவேண்டியதைக் கொள்ளுதல், கொள்ளத்தக்கதைத் தள்ளுதல் என்னும் இவ்விரண்டும் தொடரமைப்பின் குறைகள்.

இவற்றுள் முன்னையது தொல்லை, பின்னையதே ஆபத்து. இதற்குப் பெயர்போன சான்று சமக்குறி. அக்குறியை 1557இல் அச்சேற்றியவர் வேல்சு நாட்டவரான றொபேட் றெக்கோட். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். அன்றுமுதல் உலகெங்கும் பிள்ளைகள் அக்குறியை ‘இரு பக்கமும் சமம்’ என்று பொருள்கொண்டே கற்கிறார்கள். நம் பிள்ளைகளும் முதலாம் வகுப்பு முதலே அவ்வாறு கற்றவர்கள். கணினிக்கோ இரு வேறு செயல்கள் தேவை: ஒரு மாறியிற் பெறுமதியை இடுதல் ஒன்று, இரு பெறுமதிகள் சமமா என வினாதல் மற்றொன்று. அல்கோல் மொழியினர் இவ்வேறுபாட்டை மதித்து, இடுதலுக்கு முக்காற்புள்ளியோடு கூடிய := என்ற குறியையும், வினாவுக்குப் பழைய சமக்குறியையும் வைத்தனர். பாஸ்கலும் அவ்வழி நின்றது. ஆனால் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான ‘பீ’ மொழியும், அதன்வழி டெனிஸ் றிச்சி ஆக்கிய ‘சீ’ மொழியும் தலைகீழாகச் செய்தன. இடுதலுக்கு ஒற்றைச் சமக்குறி (=); வினாவுக்கு இரட்டைச் சமக்குறி (==). இடுதல் வினாவைவிட ஏறத்தாழ இருமடங்கு அடிக்கடி வருவதால் அதற்கு நீளத்திற் பாதியான குறி பொருந்தும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எழுதுபவரின் விரல் அசைவை மிச்சப்படுத்தும் நியாயம் அது. படிப்பவரின் நூற்றாண்டுப் பழக்கத்தை அது எண்ணவில்லை. அத்தோடு, நிபந்தனை வரவேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறியை எழுதிவிட்டாலும் ‘சீ’யின் இலக்கணப்படி அது வழுவாகாது. வினா கட்டளையாகிவிடுகிறது, இயந்திரம் மௌனமாக நிறைவேற்றுகிறது.

ஒரு குறியின் குறைவால் வினா கட்டளையாவது எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி போதும். உலகின் எண்ணற்ற கணினிகளை இயக்கும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் மூலநிரற் பிரதியொன்றில், எவரோ களவாக ஒரு திருத்தத்தைப் புகுத்தினர். மேலோட்டமாகப் பார்த்தால், ‘இவரது பயனர் எண் பூச்சியமா?’ என்று வினவும் வரி. பூச்சியம் என்பது முழு அதிகாரமுள்ள பயனரின் எண். ஆனால் இரட்டைக் குறி நிற்கவேண்டிய இடத்தில் ஒற்றைக் குறியே நின்றது. ஆதலால் அவ்வரியின் மெய்ப்பொருள், ‘இவரது பயனர் எண்ணைப் பூச்சியமாக்கு’ என்பதே. அதாவது, வழி அறிந்த எவனும் முழு அதிகாரம் பெறலாம். விழிப்பாய் இருந்தோர் உடனே கண்டு நீக்கினர். இங்கு நாம் கவனிக்கவேண்டியது, களவு செய்தவன் ஒளிவதற்குத் தேர்ந்த இடம் எது என்பதே. எல்லோரும் தற்செயலாக இடறும் இடத்தை அறிந்து அங்கேதான் அவன் ஒளிந்தான். தொடரமைப்பின் பள்ளம் எங்கே உள்ளது என்பதைப் பாடநூல் எழுதுவோரைவிட அவன் நன்கு அறிந்திருந்தான்.

இவ்வரலாறு ‘சீ’யோடு தொடங்கியதன்று. 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தைப் பொருட்படுத்துவதில்லை. ‘டூ 10 ஐ = 1,10’ என்று காற்புள்ளியோடு எழுதினால் மீள்செயல் தொடங்கும். காற்புள்ளி நிற்கவேண்டிய இடத்தில் தசமப்புள்ளி விழுந்துவிட்டால், ‘டூ10ஐ’ என்ற பெயருடைய ஒரு மாறியை இயந்திரம் தானே கற்பித்துக்கொண்டு, அதில் 1.10 என்ற பெறுமதியை இட்டுவிடும். மாறிகளை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்ற விதி அம்மொழியில் இல்லாமையால் இதுவும் மௌனமாகவே நிகழும். மனிதரை விண்ணுக்கு அனுப்பிய மெர்க்குரித் திட்டக் காலத்தில், அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் சுற்றுப்பாதைக் கணிப்புச் செய்நிரல் ஒன்றில் இவ்வழு மெய்யாகவே காணப்பட்டுத் திருத்தப்பட்டது. 1962 ஜூலை 22இல் ஏவப்பட்டுச் சில நிமிடங்களுக்குள் அழிக்கப்பட்ட மரினர் 1 விண்கலத்தின் கதையோடு இதனைச் சேர்த்துச் சொல்லும் நூல்களும் உள. அது சரியன்று. மரினரின் கதையில் விடுபட்டது, வழிகாட்டற் சமன்பாட்டில் ஓர் எழுத்தின் மேல் நின்றிருக்கவேண்டிய சிறு கோடு. இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஆனால் ஒரு கீற்றின் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்ற வினா இரண்டுக்கும் பொது.

1990 ஜனவரி 15இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் சீர்குலைந்தது. 114 இணைப்பு நிலையங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழு பரவியது. ‘பிறேக்’ என்ற ஒரு சொல், எழுதியவர் நினைத்த அமைப்பை விட்டு வெளியேறாமல், அதனைச் சூழ்ந்திருந்த வேறோர் அமைப்பை விட்டு வெளியேறியதே மூலகாரணம். 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளின் பாதுகாப்பு நிரலில் ஒரு வழுவைத் திருத்தி வெளியிட்டது. நிபந்தனைக்கு உட்பட்ட ஒரு வரி அங்கே தவறி இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரியும் முதல் வரியைப் போலவே உள்ளொதுங்கி நின்றமையால், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதாகக் கண்ணுக்குத் தோன்றியது. நெளி அடைப்பு இல்லாமையால் இயந்திரத்துக்கோ அது நிபந்தனையற்ற கட்டளை. இணையத்தில் எதிர்முனையில் இருப்பவர் மெய்யானவரா எனச் சோதிக்கும் கடைசிப் படி அதனால் தாண்டப்பட்டது. கண் காண்பது ஒன்று, இயந்திரம் கொள்வது வேறொன்று என இரு வாசிப்புக்கு இடந்தரும் எழுத்து முறையே இங்கு குற்றவாளி. இவற்றை எழுதியவர்கள் உலகின் தலைசிறந்த பொறியியலாளர்கள். அவர்களே இடறும் இடத்தில் கொக்கிளாய்ப் பிள்ளை இடறினால் அதற்கு மட்டும் ‘மந்தம்’ என்ற பட்டம் ஏன்?

இது ஆசிரியர் ஒருவரின் இரக்கம் மட்டுமன்று. ஆய்ந்து கண்டவர்களும் உளர். 1975இல் கனன், ஹோர்னிங் என்னும் இருவர், அரைப்புள்ளியை முடிப்பானாகக் கொண்ட மொழியையும் பிரிப்பானாகக் கொண்ட மொழியையும் மாணவரிடம் கொடுத்து ஒப்பிட்டனர். பிரிப்பானாகக் கொண்ட மொழியிலேயே அக்குறி பற்றிய வழுக்கள் பெருகின. பின்வந்த ‘அடா’ மொழி முடிப்பான் வழியையே ஏற்றது. 2013இல் அமெரிக்க ஆய்வாளர்களான அன்ட்றியாஸ் ஸ்டெஃபிக், சுசன்னா சீபேட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் துணிவானது. அவர்கள், குறிகளையும் சொற்களையும் குருட்டாம்போக்கில் தெரிந்து ஒரு பொய்மொழி ஆக்கினர்; செய்நிரல் அறியாத புதியவர்களுக்கு அதனையும் புகழ்பெற்ற மொழிகள் சிலவற்றையும் கொடுத்து எழுதச் செய்தனர். பேர்ல், ஜாவா ஆகிய மொழிகளில் எழுதியவர்கள், குருட்டாம்போக்கு மொழியில் எழுதியவர்களை விடக் கணிசமான அளவு சரியாக எழுதவில்லை. பைத்தன், ரூபி முதலிய மொழிகளில் எழுதியோர் மேம்பட்டனர். கற்போனின் கண்ணோடு நோக்கினால், உலகப் புகழ் பெற்ற ஒரு தொடரமைப்பு குருட்டுத் தெரிவை விஞ்சவில்லை என்பதே இதன் பொருள்.

ஆசிரியராகிய நமக்கும் ஓர் ஆய்வு பாடம் புகட்டுகிறது. இங்கிலாந்தின் கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிறவுண், அல்தத்மிரி ஆகியோர், ஜாவா பயிலும் மாணவரின் வழுக்களைப் பெருந்தொகையாகத் திரட்டினர். 2015இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஓராண்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் செய்த 3 கோடி 70 இலட்சம் தொகுப்பு முயற்சிகள் ஆராயப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு, ‘மாணவர் அதிகம் விடும் பிழைகள் எவை?’ என்று ஆசிரியர்களிடம் வினவி, விடைகளைத் திரட்டிய தரவோடு ஒப்பிட்டிருந்தனர். ஆசிரியர்களின் கணிப்பு தரவோடும் பொருந்தவில்லை, தங்களுக்குள்ளும் பொருந்தவில்லை. ‘நான் இத்தனை ஆண்டு படிப்பித்தவன், எனக்குத் தெரியாதா?’ என்ற பெருமிதம் போதாது. பிள்ளையின் வழுவை எண்ணிக் குறித்துப் பார்க்கவேண்டும் என்பதே இதன் முடிவு.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘கண்டிப்பான இலக்கணம் ஒழுங்கைக் கற்பிக்கும். ஒற்று மிகுவதையும் மிகாததையும் நீர் வற்புறுத்தவில்லையா? அரைப்புள்ளியைச் சரியாக இடக் கற்றவனே நல்ல செய்நிரலாளன் ஆவான்’ என்பர் சிலர். ஒற்றை வற்புறுத்துகிறோம், மெய்தான். ‘வேலை தேடினான்’ என்றால் தொழிலைத் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் வேலாயுதத்தைத் தேடினான். அங்கே ஓர் ஒற்று ஒரு பொருளைக் காக்கிறது. பொருளைக் காக்கும் கண்டிப்பு வேண்டியதே. எந்தப் பொருளையும் காவாது பழைய மொழியொன்றின் எச்சமாய் நிற்கும் கண்டிப்பும், காக்கவேண்டிய இடத்திற் கண்மூடிக்கொள்ளும் தளர்வும் ஒழுங்காகா. களப்பில் வலை வீசும் நம் ஊரவர், மீன் தப்பிப் போனால் முதலில் வலையைத்தான் விரித்துப் பார்க்கிறார்கள். கண் கிழிந்த வலையை வைத்துக்கொண்டு இழுத்தவனை ஏசுவோர் எவருமில்லை.

எழுத்து முறை மனிதனின் ஆக்கம், அது திருத்தத்தக்கது என்பதைத் தமிழர்க்கு வேறொருவர் வந்து சொல்லவேண்டியதில்லை. மெய்யெழுத்தும் குற்றெகரமும் குற்றொகரமும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டனர். விளைவு, குறிலும் நெடிலும், மெய்யும் உயிர்மெய்யும் ஒரே வடிவாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வடிவத்தால் வேறுபடுத்திய சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரால் நிலவுகிறது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் புள்ளியற்ற ஏடுகளை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை அவர்தம் பதிப்புரைகளைப் படித்தோர் அறிவர். ஏட்டைத் தவறாக வாசித்தவர் அறிவிலி என்று அவர்கள் சொல்லவில்லை. எழுத்தின் குறையை எழுத்தின் குறையாகவே கண்டனர். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. ‘ணா’, ‘றா’, ‘லை’ முதலிய பதின்மூன்று உயிர்மெய்களுக்கு இருந்த தனி வடிவங்கள் ஒழிந்து, மற்றவற்றைப் போலவே எழுதும் முறை வந்தது. விதிவிலக்குப் பதின்மூன்று குறைந்தன. அப்பதின்மூன்றில் இடறிய பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. பிள்ளைகள் திடீரென்று புத்திசாலிகளாகிவிடவில்லை. பாதையிற் கிடந்த கற்கள் அகற்றப்பட்டன, அவ்வளவே.

தமிழில் எழுதும் கணினிமொழி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது, ஆயினும் அதுவும் வேண்டும். 1950களில் கிறேஸ் ஹொப்பர் அம்மையார் ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் முறையை அமைத்தபோது, அதே செய்நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் இயக்கிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றே. ஆனால் அமெரிக்காவிலே செய்த கணினி பிரெஞ்சும் ஜெர்மனும் விளங்கிக்கொள்வதாவது என்று நிருவாகத்தினர் வெருண்டனர்; ஆங்கிலம் மட்டுமே என்று உறுதியளிக்க நேர்ந்தது. ஆகவே ஆங்கிலச் சொற்கள் கணினியின் தேவையால் வந்தவையல்ல. அன்றைய முதலாளிகளின் மனத்தடையால் நிலைத்தவை. தமிழ் வழியிற் கற்கும் பிள்ளைக்குத் தொடரமைப்பு ஒரு தடை. அதன் சொற்கள் இரண்டாந் தடை. வழுவை அறிவிக்கும் ஆங்கில வாக்கியம் மூன்றாந் தடை. மூன்றையும் தாண்டி வந்த பின்னரே பிள்ளை மெய்யான கணக்கைச் சிந்திக்கத் தொடங்குகிறது.

முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்க் கணினிமொழி இம்முயற்சியில் மதிக்கத்தக்கது. 2009இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப்படுத்தியதோடு அது அமையவில்லை. நிபந்தனையை முன்னே வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்னே வைக்கிறது. வினை இறுதியில் நிற்கும் தமிழ்த் தொடரின் இயல்புக்கு இசைந்த முறை அது. ஆயினும் ‘ஆனால்’ என்ற சொல் இக்கால உரைநடையில் எதிர்மறைத் தொடர்பையே முதலில் நினைவூட்டுகிறது என்பதை இலக்கண ஆசிரியர் கவனியாதிருத்தல் இயலாது. தமிழ் எழுத்திலும் பள்ளங்கள் உள. ‘ஔடதம்’ என்று ஔகாரத்தால் எழுதுவதும், ஒகரத்தை அடுத்து ளகரம் வைத்து எழுதுவதும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு இரு வேறு பெயர்கள். நம் மொழி என்பதற்காக அதன் குறைகளுக்குக் கண்மூடுவது பற்றாகாது. பிள்ளைகளை எழுதச் செய்து, இடறும் இடத்தைக் கண்டு, திருத்தி அமைப்பதே பற்று.

திருத்தம் நடைபெறக்கூடியது என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் பல. உயர்தர மாணவர் கற்கும் பைத்தன் மொழியில், நிபந்தனையில் ஒற்றைச் சமக்குறி இட்டால் இயந்திரம் ஏற்க மறுக்கும். உள்ளொதுக்கமே கூற்றுக்களின் எல்லையாதலால் கண் காண்பதையே இயந்திரமும் காண்கிறது. 2009இல் வெளிவந்த ‘கோ’, 2014இல் வெளிவந்த ‘சுவிஃப்ட்’ ஆகிய மொழிகள், நிபந்தனைக்குட்பட்ட கூற்றைச் சுற்றி நெளி அடைப்பைக் கட்டாயமாக்கின. 2018இல் பைத்தனுக்கு := என்ற குறியைப் புகுத்துவதா என்று எழுந்த விவாதம் மிகக் கடுமையானது; அது முடிந்த கையோடு அம்மொழியை ஆக்கிய குய்டோ வான் றொஸம் தலைமைப் பொறுப்பினின்று விலகினார். ஒரு குறிக்காக அறிஞர் இவ்வளவு வாதாடினர் என்பதைக் கேட்ட நம் மாணவர் சிலர் வியந்தனர். குறிகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல, வாதாடி வைக்கப்பட்டவை என்பதை அன்று அவர்கள் உணர்ந்தனர். 2021இல் வெளிவந்த பைத்தன் 3.10 பதிப்பு, ‘தொடரியல் வழு’ என்று மொட்டையாகச் சொல்லிவந்ததை மாற்றி, முக்காற்புள்ளி விடுபட்டது, திறந்த அடைப்பு மூடப்படவில்லை, ஒற்றைக் குறிக்குப் பதில் இரட்டைக் குறியை நினைத்தீரோ என்றெல்லாம் குறிப்பாகச் சொல்லத் தொடங்கியது. ஏறத்தாழ வழுவமைதியின் முதற்படி இது: எழுதியவரின் கருத்து யாதாயிருக்கும் என இயந்திரம் எண்ணிப் பார்க்கச் செய்தல்.

நாம் செய்யக்கூடியவை யாவை? மொழிகளை வகுப்பவர்கள் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் வினாத்தாளும் புள்ளித் திட்டமும் பாடநூலும் எட்டாத தூரத்தில் இல்லை. கணினியிலே தொட்டுப் பழகுவதற்குக் கிழமையிற் சில நிமிடமே பெறும் பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் தாளின்மேல் கையால் செய்நிரல் எழுதுகிறது. அங்கே ஓர் அரைப்புள்ளிக்காக ஒரு புள்ளியைக் குறைப்பது எதனை அளக்கிறது? கணக்கை வகுக்கும் திறனையா, வீட்டிற் கணினி உண்டா இல்லையா என்பதையா? நகரத்துப் பிள்ளை தன் அறையிலே நூறுமுறை இடறி எழுந்து அக்குறியைக் கைப்பழக்கமாக்கிக்கொள்கிறது. கரையோரப் பிள்ளைக்கு அந்த நூறு இடறலுக்கான நேரம் கிடைப்பதில்லை. சின்னஞ்சிறு குறியொன்றின் மேல் ஏற்றப்பட்ட சிறு புள்ளி, ஈற்றிலே வறுமையின் மேல் விதிக்கப்பட்ட தண்டமாகிறது. ஆகவே கருத்து வழுவையும் குறி வழுவையும் வேறு பிரித்துப் புள்ளியிடும் முறை வேண்டும். பாடநூலில் ஒவ்வொரு குறிக்கும் அதன் பிறப்பு வரலாறும் அதில் இடறும் விதமும் எழுதப்படவேண்டும். அடிக்கடி வரும் ஆங்கில வழுச்செய்திகளுக்கு நேரான தமிழ் விளக்கம் ஒவ்வொரு கணினி அறையின் சுவரிலும் தொங்கவேண்டும். இக்கடைசி வேலைக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஓர் அட்டையும் ஒரு பேனாவும் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நமது வாய்ச்சொல் மாறவேண்டும். ‘எனக்கு மூளை இல்லை, சேர்’ என்று சொல்லிக் கணினியை விட்டு விலகும் பிள்ளையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அப்பிள்ளையின் தாய் தந்தையரும் தம் வாழ்வின் முறிவுகளுக்குத் தம்மையே நொந்துகொண்டவர்கள். ‘விதி’ என்றும் ‘நம் தலையெழுத்து’ என்றும் சொல்லிப் பழகியவர்கள். பிறர் ஆக்கிய அமைப்பின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொள்ளும் அந்த மனப்பழக்கம் தலைமுறை கடந்து பிள்ளையிடம் வந்து சேர்கிறது. ‘இதை இவ்வாறு அமைத்தவர் யார்? ஏன் அமைத்தார்? வேறு விதமாக அமைக்க முடியாதா?’ என்ற வினாக்களை ஓர் அரைப்புள்ளியை முன்வைத்துக் கேட்கக் கற்ற பிள்ளை, நாளை தன் ஊரின் களப்பையும் காணியையும் பற்றிய சட்டங்களை முன்வைத்தும் அவற்றைக் கேட்கும். செய்நிரற் பாடத்திலிருந்து ஓர் ஆசிரியர் எதிர்பார்க்கத்தக்க மிகப் பெரிய பயன் இதுவென்றே நாம் கருதுகிறோம்.